லேப்டாப்பின் பயோஸை நாமே எழுத முடியுமா?

கேள்வி இது: "என் லேப்டாப்பில் லினக்ஸ், எடிட்டர், பிரவுசர் எல்லாமே கட்டற்ற மென்பொருள்தான். பவர் பட்டனை அழுத்தியதும் முதலில் ஓடுகிற பயோஸ் மட்டும் நிறுவனத்தின் மூடிய பெட்டியாகவே இருக்கிறது. எனக்கு சி மொழி நன்றாகத் தெரியும். அதற்குப் பதிலாக நாமே ஒன்றை எழுதிப் போட முடியாதா? இத்தனை வருடமாகியும் ஏன் சில பழைய மாடல்களுக்கு மட்டுமே அப்படி ஒன்று கிடைக்கிறது?"

முடியும். ஆனால் லேப்டாப்புக்கு லேப்டாப் பதில் மாறும். சிலவற்றுக்கு ஏற்கெனவே யாரோ எழுதி வைத்திருக்கிறார்கள், இந்த வார இறுதியிலேயே மாற்றிவிடலாம். சிலவற்றுக்கு நீங்களே சில மாதம் உட்கார்ந்தால் எழுதிவிடலாம். இன்று புதிதாக வருகிற பெரும்பாலானவற்றில் நீங்கள் எவ்வளவு நன்றாக எழுதினாலும் பிராசசர் அதை ஓட்டவே ஓட்டாது. சி தெரிந்தவருக்கு எழுதுவது பெரிய காரியமில்லை. எதை எழுத வேண்டும் என்று தெரிந்துகொள்வதும், எழுதியதை ஓட்ட வன்பொருள் இடம் கொடுப்பதும்தான் பாடு. அந்த இரண்டையும் பற்றித்தான் இங்கே அதிகம் சொல்லப் போகிறேன்.

பவர் பட்டனை அழுத்திய அந்தக் கணத்தில் ரேம் இருந்தும் இல்லாத மாதிரிதான். சிப்புகளுக்கு மின்சாரம் போயிருக்கும், ஆனால் அவற்றுடன் எப்படிப் பேசுவது என்று மெமரி கன்ட்ரோலருக்கு இன்னும் தெரியாது. எக்ஸ்86 பிராசசர், அதாவது இன்டெல், ஏஎம்டி வகை, 4 ஜிபி முகவரி எல்லைக்குச் சரியாக 16 பைட் கீழே இருக்கும் இடத்திலிருந்து முதல் கட்டளையை எடுக்கும். அங்கே தெரிவது மதர்போர்டில் ஒட்டியிருக்கும் ஒரு சின்ன எஸ்பிஐ ஃபிளாஷ் சிப்; பயோஸ் குடியிருப்பது அதில்தான். பெரும்பாலும் எட்டுக் கால்கள். உள்ளே 8, 16 அல்லது 32 எம்பி. பிராசசரும் அப்போது 1978-ல் வந்த 8086 போல 16 பிட் முறையில்தான் எழுந்து நிற்கும். அங்கிருந்து 32 பிட்டுக்குத் தாவ வேண்டும், பிறகு ரேமை உயிர்ப்பிக்க வேண்டும், பிறகு பிசிஐ சாதனங்களை வரிசைப்படுத்த வேண்டும், திரையை ஏற்ற வேண்டும், பேட்டரி, தூக்கம் போன்றவற்றை இயங்குதளத்துக்கு விவரிக்கும் ஏசிபிஐ அட்டவணைகளைத் தயாரித்துக் கொடுக்க வேண்டும்.

ரேம் இல்லாமல் சி நிரலை எப்படி ஓட்டுவது? ஃபங்ஷன்கள் தற்காலிகமாக எழுதிவைக்கும் ஸ்டாக்குக்கு இடமே இல்லையே. இந்தக் கேள்வியில்தான் இந்தத் துறைக்குள் நான் விழுந்தேன், இன்றும் இதன் பதில் எனக்குப் பிடித்தமானது. ஆரம்பத்தில் எரிக் பீடர்மன் என்பவர் ரோம்சிசி என்று ஒரு கம்பைலரே எழுதினார். அது சி நிரலை எடுத்து, நினைவகத்தைத் தொடாமல், பிராசசருக்குள் இருக்கும் ரெஜிஸ்டர்கள் என்ற சில சேமிப்பு இடங்களை மட்டும் வைத்து ஓடும்படி மாற்றித் தரும். ஃபங்ஷனை அழைத்தால் திரும்பி வர முகவரி வைக்கக்கூட இடமில்லாத நிலையில் எழுதிய கம்பைலர் அது! பிற்பாடு இன்னொரு வழி நிலைத்தது. பிராசசருக்குள்ளேயே இருக்கும் கேஷ் என்ற வேக நினைவகத்தை, வெளியே எதையும் எழுதிவிடாதபடி பூட்டி, அதையே தற்காலிக ரேமாகப் பயன்படுத்துவது. இன்டெல் லேப்டாப்புகளின் ஃபர்ம்வேர் (பயோஸ் போல வன்பொருளோடு ஒட்டியே வரும் நிரல்), நிறுவனங்களுடையது உட்பட, இன்றைக்கும் இந்த உத்தியைத்தான் நம்பியிருக்கிறது.

இதெல்லாம் தொடங்கிய இடம் அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் தேசிய ஆய்வகம். 1999-ல் ரான் மின்னிச் அங்கே லினக்ஸ்பயோஸ் என்ற திட்டத்தைத் தொடங்கினார். நூற்றுக்கணக்கான கணினிகளைச் சேர்த்து ஒரே கிளஸ்டராக ஓட்டும் இடத்தில் வழக்கமான பயோஸ் பெரிய தொல்லை. கீபோர்டு இல்லை, ஒரு பட்டனை அழுத்து என்று ஒவ்வொரு கணினியும் நின்றால் யார் போய் அழுத்துவது? ஃபிளாஷ் சிப்பிலேயே லினக்ஸ் கர்னலை வைத்துவிட்டால் என்ன என்பதுதான் அவர்கள் யோசனை. 2008-ல் அதன் பெயர் கோர்பூட் என்று மாறியது. நோக்கமும் தெளிவானது: வன்பொருளை எழுப்ப வேண்டிய குறைந்தபட்ச வேலையை மட்டும் கோர்பூட் செய்யும், மிச்சத்தைப் பேலோடு என்ற தனி நிரலிடம் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். பழைய பயோஸ் மாதிரி வேண்டுமா, சீபயோஸ். நேராக டிஸ்க் என்கிரிப்ஷனைத் திறந்து லினக்ஸுக்குப் போக வேண்டுமா, கிரப். பயோஸுக்குப் பின் வந்த தரநிலையான யுஇஎஃப்ஐ வேண்டுமா, டியானோகோர். கர்னலையே வைக்க வேண்டுமா, அதுவும் உண்டு. இந்தப் பகுதி முழுக்கத் தீர்ந்த பிரச்சினை, அதனால் இதில் நேரம் செலவழிக்க வேண்டாம்.

இங்கே பலரும் கேட்கும் ஒரு சந்தேகம். டியானோகோர் திறமூலம்தானே, யுஇஎஃப்ஐ வரையறையும் எல்லோரும் படிக்கக் கிடைக்கிறதே, பின் என்ன மறைக்கிறார்கள் என்பார்கள். உண்மைதான். ஆனால் டியானோகோர் திறந்து காட்டுவது மேல்மாடியை. ரேமையும், பிராசசரை மற்ற சாதனங்களோடு இணைக்கும் சிப்செட்டையும் எழுப்புகிற அடித்தளம் அதில் இல்லை. அது சிப் நிறுவனத்திடமிருந்து பைனரியாக, அதாவது மூலநிரல் இல்லாத இயந்திரக் கட்டளைகளாக வரும், அல்லது ரகசிய ஒப்பந்தத்தின் கீழ் லேப்டாப் நிறுவனத்துக்கு மட்டும் மூலநிரலாக வரும்.

அந்த அடித்தளத்தில் மிகக் கடினமான ஒன்று ரேம் பயிற்சி. இதைப் புரிந்துகொண்டால் மற்றவை ஏன் இப்படி இருக்கின்றன என்பது தானாக விளங்கும். டிடிஆர்3-1600 ரேமில் ஒரு கம்பியில் ஒரு பிட் நிற்கும் நேரம் 625 பிக்கோசெகண்ட். அவ்வளவு நேரத்தில் மதர்போர்டில் மின்குறிப்பு சுமார் பத்து சென்டிமீட்டர்தான் போகும். ஒரு ரேம் ஸ்டிக்கில் வரிசையாக எட்டுச் சிப்புகள் இருக்கின்றன. கடிகாரக் குறிப்பு முதல் சிப்பைத் தொட்டு, இரண்டாவதைத் தொட்டு என்று ஒவ்வொன்றாகக் கடந்து போகிறது; கடைசிச் சிப்புக்குத் தாமதமாகத்தான் சேரும். ஆனால் தரவுக் கம்பிகள் ஒவ்வொரு சிப்புக்கும் நேராகப் போகின்றன. அதனால் எட்டு பைட் பாதைகளுக்கும் எட்டு விதமான தாமதம் வைக்க வேண்டும், எழுதுவதற்குத் தனியாக, படிப்பதற்குத் தனியாக. இந்த எண்கள் எந்தப் புத்தகத்திலும் இருக்காது, ஏனென்றால் போர்டுக்குப் போர்டு, ஸ்டிக்குக்கு ஸ்டிக் மாறும். ஃபர்ம்வேர்தான் தெரிந்த ஒரு வடிவத்தை எழுதி, தாமதத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி, எங்கிருந்து எங்கு வரை சரியாகப் படிக்கிறது என்று பார்த்து, அந்தச் சாளரத்தின் நடுவில் நிறுத்த வேண்டும்.

ரேம் ஸ்டிக்கின் கொள்ளளவும் வேகமும் அதிலேயே இருக்கும் சின்ன எஸ்பிடி சிப்பில் எழுதியிருக்கும், அதன் வடிவம் பொதுவில் கிடைக்கும் தரநிலை. தாமதம் வைக்கும் ரெஜிஸ்டர் எது, எந்த பிட் எதற்கு என்பதைத்தான் இன்டெல் பொதுவில் வெளியிடுவதில்லை. அப்படியென்றால் கோர்பூட்டில் இன்டெல்லின் சாண்டி பிரிட்ஜ், ஐவி பிரிட்ஜ் பிராசசர் தலைமுறைகளுக்கு முழுக்கத் திறமூலமான ரேம் தொடக்க நிரல் எப்படி வந்தது? நிறுவனத்தின் நிரல் என்ன செய்கிறது என்று கவனித்துக் கவனித்து. அதற்கு சீரியல்ஐஸ் என்ற கருவி இருக்கிறது. உண்மையான மதர்போர்டின் ஃபிளாஷில் பயோஸுக்குப் பதிலாக ஒரு குட்டி நிரலை வைப்பார்கள். நிறுவனத்தின் பயோஸ் இன்னொரு கணினியில், கியூஇஎம்யு எமுலேட்டருக்குள் ஓடும். அது எந்த ரெஜிஸ்டரைத் தொட்டாலும் அந்தக் கட்டளை சீரியல் கம்பி வழியே உண்மையான போர்டுக்குப் போய், பதில் திரும்பி வரும். நடுவில் ஒவ்வொன்றும் பதிவாகும். லட்சக்கணக்கான வரிகளில் இந்த முகவரியில் இதை எழுது, அதைப் படி என்று ஒரு பதிவு கிடைக்கும். அதில் திரும்பத் திரும்ப வரும் வட்டங்களைக் கண்டுபிடித்து, ஓ, இது படிக்கும் தாமதத்தைத் தேடுகிற இடம் என்று அர்த்தம் கொடுக்க வேண்டும். இப்படி மாதக்கணக்கில் உட்கார்ந்தவர்களால்தான் இன்று ஒரு திங்க்பேட் எக்ஸ்230 ரேம் தொடக்கத்துக்கு ஒரு பைனரிகூட இல்லாமல் எழுகிறது. இந்த உழைப்பு மேல்மாடியில் யாருக்கும் தெரிவதில்லை என்பது எனக்கு உண்மையான வருத்தம்.

இந்த வேலையின் கஷ்டம் எனக்கும் கொஞ்சம் தெரியும். ஒரு போர்டில் எல்லாம் சரியாக எழுந்தது, ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட் இரவு முழுக்க ஓடியும் ஒரு பிழை இல்லை. ஆனால் மூடி வைத்துத் திறந்தால் பத்தில் ஒரு முறை ஃபைல்கள் கெட்டுப்போயின. தூங்கி எழும்போது ரேம் பயிற்சியை மறுபடி செய்யக் கூடாது, செய்தால் உள்ளே இருப்பது அழிந்துவிடும். முதல் முறை கண்டுபிடித்த எண்களை ஃபிளாஷில் சேமித்து, அவற்றையே திரும்ப வைக்க வேண்டும். அப்படிச் சேமித்ததில் ஒரு சேனலுக்கான எண்களை நான் விட்டிருந்தேன். கண்டுபிடிக்க இரண்டு வாரம் ஆனது.

உளவறிந்து எழுதுவது புதிய பழக்கமும் இல்லை. பயோஸ் உலகமே அப்படித்தான் பரவியது. 1981-ல் ஐபிஎம் பிசி வந்தபோது அதன் பயோஸ் நிரலை ஐபிஎம் தன் தொழில்நுட்பக் கையேட்டிலேயே அச்சிட்டிருந்தது, ஆனால் பதிப்புரிமையோடு. காம்பாக், பிறகு ஃபீனிக்ஸ் போன்ற நிறுவனங்கள் அதே வேலையைச் செய்யும் பயோஸை, அந்த நிரலைப் பார்க்காதவர்களை வைத்துத் தனியே எழுத வைத்தன. ஒரு குழு என்ன செய்கிறது என்று மட்டும் விவரித்து எழுதும், இன்னொரு குழு அந்த விவரத்தை வைத்துப் புதிதாக எழுதும். இந்த ஒழுக்கம் உங்களுக்கும் முக்கியம். 2022 அக்டோபரில் இன்டெல்லின் ஆல்டர் லேக் தலைமுறை ஃபர்ம்வேர் மூலநிரல் வெளியே கசிந்தது, இன்டெல்லும் அதை ஒப்புக்கொண்டது. அந்த மாதிரி எதையும் தயவுசெய்து திறந்துகூடப் பார்க்காதீர்கள். பார்த்தபின் நீங்கள் எழுதும் ஒவ்வொரு வரியும் சந்தேகத்துக்கு உரியதாகிவிடும், கட்டற்ற திட்டம் எதுவும் அதை வாங்கிக்கொள்ள முடியாது.

சரி, புதிய தலைமுறைகளுக்கு வருவோம். இன்டெல் இப்போது எஃப்எஸ்பி என்ற பைனரித் தொகுப்பைத் தருகிறது. தற்காலிக ரேமை அமைக்க ஒரு பகுதி, உண்மையான ரேமை எழுப்ப ஒரு பகுதி, சிப்செட்டின் மற்ற வேலைகளுக்கு ஒரு பகுதி. கோர்பூட் அதைக் கூப்பிடும், அது உள்ளே என்ன செய்கிறது என்று யாருக்கும் தெரியாது. புதிய குரோம்புக்குகள், பியூரிசம், சிஸ்டம்76, ஸ்டார் லேப்ஸ், நோவாகஸ்டம் ஆகியோர் கோர்பூட்டோடு விற்கும் புதிய இன்டெல் லேப்டாப்புகள் எல்லாம் இந்த வகைதான். இவர்களைக் குறை சொல்ல மாட்டேன். சுற்றியுள்ள பெரும்பகுதி திறந்திருக்கிறது, பிழை இருந்தால் நாமே திருத்தலாம். ஆனால் திறமூல ஃபர்ம்வேர் என்ற அட்டையைப் பார்த்துவிட்டு எல்லாமே திறந்திருக்கிறது என்று நம்பி வாங்காதீர்கள்.

ஏஎம்டி கதை இன்னும் வேதனை. 2011 வாக்கில் அவர்கள் அஜீசா என்ற தங்கள் தொடக்க நிரலின் மூலத்தையே கோர்பூட்டுக்குக் கொடுத்தார்கள். சில தலைமுறைகளுக்குப் பின் அது நின்றுபோனது. ஜென் தலைமுறையிலிருந்து ரேம் பயிற்சியைச் செய்வது எக்ஸ்86 பிராசசரே இல்லை. உள்ளே இருக்கும் ஓர் ஏஆர்எம் பாதுகாப்புப் பிராசசர் ரேமை முழுக்கத் தயார் செய்துவிட்டுத்தான் எக்ஸ்86-ஐ எழுப்புகிறது. சீரியல்ஐஸ் மாதிரிக் கருவியால் ஒட்டுக்கேட்கவும் வழியில்லை, ஏனென்றால் நம் நிரல் விழிக்கும்போது எல்லாம் முடிந்திருக்கும். அந்தப் பிராசசரின் நிரலோ ஏஎம்டியின் கையொப்பத்தோடுதான் ஓடும். 2023-ல் ஓபன்சில் என்ற பெயரில் அஜீசாவுக்குத் திறமூல மாற்றை அறிவித்தார்கள். நான் அதை வரவேற்கிறேன், ஆனால் ரேம் பயிற்சி அந்தத் திறந்த பகுதிக்குள் வரவில்லை.

இன்டெல்லில் இதே இடத்தில் இருப்பது மேனேஜ்மென்ட் எஞ்சின். சிப்செட்டுக்குள் ஒரு தனிப் பிராசசர், தனி நிரல், லேப்டாப் அணைந்திருந்தாலும் மின்சாரம் இருந்தால் ஓடக்கூடியது. 2008 காலத்து திங்க்பேட் எக்ஸ்200-ல் இதை ஃபிளாஷிலிருந்து முழுக்க அழித்துவிடலாம், லேப்டாப் கவலைப்படாமல் ஓடும். கோர்பூட்டிலிருந்து மூடிய பைனரிகளை நீக்கித் தந்த லிப்ரேபூட் திட்டம் அந்த மாடலை இவ்வளவு கொண்டாடியதன் காரணம் அதுதான். அடுத்த தலைமுறையிலிருந்து அழித்தால் அரை மணி நேரத்தில் லேப்டாப் தானாக அணைந்துவிடும். மீ கிளீனர் என்ற கருவி ஒரு நடுவழி கண்டுபிடித்தது: எழுந்திருக்க வேண்டிய மிகச் சிறிய பகுதியை விட்டுவைத்து மற்றதை வெட்டிவிடுவது. எக்ஸ்230-ல் 5 எம்பி இடத்தில் இருப்பது இப்படி வெட்டியபின் சுமார் நூறு கிலோபைட்டாகச் சுருங்கும். 2017-ல் பாசிட்டிவ் டெக்னாலஜீஸ் ஆய்வாளர்கள் இன்னொன்றைக் கண்டுபிடித்தார்கள். அமெரிக்க அரசுத் துறைகளுக்காக இன்டெல்லே வைத்திருந்த ஒரு பிட்; அதை ஏற்றிவிட்டால் தொடக்க வேலை முடிந்ததும் எஞ்சின் தானே நின்றுவிடும். அரசுக்கு வேண்டாம் என்றால் அணைக்கலாம், நமக்கு அணைக்கச் சொல்லித் தர மாட்டார்கள் என்பது எப்படி நியாயம்?

அப்புறம், எல்லாவற்றுக்கும் மேலான பூட்டு: பூட் கார்டு. 2013-ல் ஹாஸ்வெல் தலைமுறையோடு வந்தது. லேப்டாப் நிறுவனம் தன் கையொப்பத்தைச் சரிபார்க்கும் பொதுச் சாவியின் ஹாஷை, அதாவது கைரேகை போன்ற ஓர் எண்ணை, சிப்செட்டில் இருக்கும் ஃபியூஸ்களில் எரித்துவிடும். எரித்த ஃபியூஸைத் திரும்ப ஒட்ட முடியாது. அதன்பின் லேப்டாப் எழும்போது, இன்டெல் கையொப்பமிட்ட ஒரு சின்ன நிரல் முதலில் ஓடி, ஃபிளாஷின் தொடக்கப் பகுதி அந்தச் சாவியால் கையொப்பமிடப்பட்டதா என்று பார்க்கும். இல்லையென்றால் அவ்வளவுதான், எழாது. பாதுகாப்பு என்ற வாதத்தை நான் ஒதுக்கித் தள்ளவில்லை. 2018-ல் ஈசெட் நிறுவனம் கண்டுபிடித்த லோஜாக்ஸ் என்ற தீநிரல் ஃபிளாஷ் சிப்புக்குள் ஒளிந்துகொண்டு, டிஸ்கை மாற்றினாலும் திரும்ப வந்தது. ஆபத்து உண்மையானது. ஆனால் சாவி வாங்கியவர் கையில் இல்லாமல் விற்றவர் கையில் மட்டும் இருக்கும்போது, அந்தப் பூட்டு வாங்கியவரையும் சேர்த்துத்தான் வெளியே நிறுத்துகிறது. பழைய குரோம்புக்குகளில் ஒரு திருகாணி இருந்தது. மூடியைத் திறந்து அதைக் கழற்றினால் ஃபிளாஷில் எழுதலாம். தூரத்திலிருந்து நுழைபவரால் திருகாணியைக் கழற்ற முடியாது, உரிமையாளரால் முடியும். பாதுகாப்பும் சுதந்திரமும் ஒரே மேசையில் உட்கார முடியும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டாம்.

பூட்டு உடைந்த கதையும் ஒன்று இருக்கிறது. திங்க்பேட் டி480 பூட் கார்டு உள்ள மாடல். அந்தத் தலைமுறை மேனேஜ்மென்ட் எஞ்சினில் 2017-ல் தெரியவந்த ஓட்டை ஒன்றைப் பயன்படுத்தி டிகார்டு என்ற கருவியை எழுதினார்கள். ஓட்டை உள்ள பழைய பதிப்பை ஏற்றி, அதன் வழியாகப் பூட் கார்டைச் செயலிழக்கச் செய்து, 2024 டிசம்பரில் லிப்ரேபூட் அந்த மாடலுக்கு வந்துவிட்டது. மகிழ்ச்சிதான். ஆனால் ஓட்டை கிடைத்தால்தான் உரிமை என்ற நிலையை வைத்து நீண்டகாலத் திட்டம் போட முடியாது.

பைனரித் துண்டுகள் பற்றிய சண்டையையும் சொல்லிவிட வேண்டும், நீங்கள் எப்படியும் அதில் மாட்டுவீர்கள். லிப்ரேபூட் 2013-ல் லியா ரோவ் தொடங்கியது, கோர்பூட்டிலிருந்து மூடிய பைனரிகளை எல்லாம் நீக்கித் தருவது அதன் அடையாளம். அப்படி நீக்கியதில் பிராசசர் தன் கட்டளைகளைச் செய்யப் பயன்படுத்தும் உள்நிரலான மைக்ரோகோடின் புதுப்பிப்பும் அடங்கும். 2022 நவம்பரில் அந்தக் கொள்கையை மாற்றினார்கள்: முடிந்தவரை குறைப்போம், தவிர்க்க முடியாததை வைத்துக்கொள்வோம், அதனால் அதிக மாடல்களுக்குப் போகலாம் என்று. ஏற்காதவர்கள் குனூ பூட் என்று தனியாகப் போனார்கள். பழைய கொள்கையையே பிடித்துக்கொண்ட கேனோபூட்டையும் லியா ரோவே நடத்துகிறார். என் கருத்து இது. மைக்ரோகோடு பிராசசருக்குள் ஏற்கெனவே பொறிக்கப்பட்டிருக்கிறது. புதுப்பிப்பை ஒதுக்கினால் மூடிய நிரல் இல்லாமல் போவதில்லை, அதன் பழைய, பிழை திருத்தப்படாத பதிப்பு ஓடுகிறது. அதனால் மைக்ரோகோடு புதுப்பிப்பை நான் போட்டுக்கொள்கிறேன். ரேம் தொடக்கத்துக்குப் பைனரி வேண்டும் என்றால் மட்டும் அந்த மாடலைத் தவிர்க்கிறேன், ஏனென்றால் அது மாற்றி எழுதக்கூடியது என்று எக்ஸ்230 நிரூபித்துவிட்டது. தூய்மை பேசுகிறவர்கள் இல்லையென்றால் அந்த நிரூபணமும் நடந்திருக்காது என்பதையும் மறக்க மாட்டேன்.

இனி உங்கள் கை வேலை. முதலில் லேப்டாப்பைத் தொடாதீர்கள். கோர்பூட்டில் கியூஇஎம்யுவுக்கான போர்டு இருக்கிறது. மூலநிரலை இறக்கி, அதன் சொந்தக் கம்பைலர் தொகுப்பைக் கட்டி, அந்த எமுலேட்டருக்கு ஒரு இமேஜ் உருவாக்கி எழுப்புங்கள். கம்பைலர் கட்டும்போது அடா மொழி ஏன் கேட்கிறது என்று வியப்பீர்கள். இன்டெல் திரையை எழுப்பும் லிப்ஜிஎஃப்எக்ஸ்இனிட் அடாவின் ஸ்பார்க் வகையில் எழுதியது, சில வகைப் பிழைகள் இல்லை என்று கணிதமாக நிரூபிக்கக்கூடியது. எமுலேட்டரில் ஓடும் ஒவ்வொரு கட்டத்திலும் உங்கள் பெயரில் ஒரு வரி அச்சிட வையுங்கள். பூட்பிளாக், ரோம்ஸ்டேஜ், ரேம்ஸ்டேஜ், பேலோடு என்ற வரிசை அப்போதுதான் மனதில் உட்காரும்.

அடுத்து, ஏற்கெனவே ஆதரவு உள்ள ஒரு பழைய லேப்டாப்பைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். அன்றாட வேலைக்கான லேப்டாப்பில் பழகாதீர்கள். நிறுவனத்தின் பயோஸ் பெரும்பாலும் ஃபிளாஷை உள்ளிருந்து எழுதவிடாமல் பூட்டி வைத்திருக்கும், அதனால் முதல் முறை சிப்பின் மேல் கிளிப் மாட்டி வெளியிலிருந்துதான் எழுத வேண்டும். ராஸ்பெர்ரி பை மாதிரி ஒரு சின்னப் போர்டும் ஃபிளாஷ்ராம் நிரலும் போதும். பேட்டரி, சார்ஜர் இரண்டையும் கழற்றியிருக்க வேண்டும். பழைய சிப்புகள் 3.3 வோல்ட், புதியவற்றில் பல 1.8 வோல்ட்; சிப்பின் மேல் எழுதியிருப்பதைப் படித்து அதன் தரவுத்தாளைப் பாருங்கள். பலரும் வாங்கும் கருப்பு நிற சிஎச்341ஏ கருவி 3.3 வோல்ட் சிப்புக்கும் தரவுக் கம்பிகளில் 5 வோல்ட் தரும் என்பதால் அதை நான் பரிந்துரைப்பதில்லை.

எழுதுவதற்கு முன் இருப்பதை இரண்டு முறை படித்து, இரண்டு ஃபைலும் பைட்டுக்கு பைட் ஒன்றா என்று ஒப்பிடுங்கள். கிளிப் சரியாக உட்காரவில்லை என்றால் ஒவ்வொரு முறையும் வேறு வேறாக வரும். எக்ஸ்230-ல் 8 எம்பி ஒன்று, 4 எம்பி ஒன்று என இரண்டு சிப்புகள், இரண்டையும் எடுக்க வேண்டும். அந்த அசல் நகலை இரண்டு இடத்தில் பத்திரப்படுத்துங்கள். உங்கள் நெட்வொர்க் முகவரி அதற்குள்தான் இருக்கிறது, நிறுவனத்தின் இணையதளத்தில் கிடைக்கும் அப்டேட்டில் அது இருக்காது. இந்த நகலும் கிளிப்பும் கையில் இருக்கும்வரை, மென்பொருள் தவறால் லேப்டாப் நிரந்தரமாகச் செத்துவிடும் என்ற பயம் வேண்டாம். திரும்ப எழுதினால் எழுந்துவிடும். வோல்டேஜ் தவறுக்கு மட்டும் மன்னிப்பில்லை.

இது பழகியபின் ஆதரவு இல்லாத ஒரு போர்டுக்குப் போகலாம். சாண்டி பிரிட்ஜ் அல்லது ஐவி பிரிட்ஜ் தலைமுறையில், யாரும் தொடாத ஒரு மாடலைத் தேர்ந்தெடுங்கள். ரேம் தொடக்கம், சிப்செட், திரை எல்லாம் ஏற்கெனவே எழுதப்பட்டுவிட்டன. உங்கள் மாடலுக்கு மட்டும் உரியவை எவை என்றால்: எந்த ஜிபிஐஓ கால் (சிப்செட்டின் பொதுப் பயன்பாட்டு மின்முனை) எதற்கு, எந்த யுஎஸ்பி துளை எந்த எண், ஒலிச் சிப்பின் ஒவ்வொரு முனையும் எங்கே போகிறது, ரேம் ஸ்டிக்கின் எஸ்பிடி எந்த முகவரியில். பழைய பயோஸ் இருக்கும்போதே லினக்ஸில் இன்டெல்டூல், சூப்பர்ஐஓடூல், ஏசிபிஐடம்ப் எல்லாம் ஓட்டிப் பதிவுகளை எடுத்துவிடுங்கள். ஆட்டோபோர்ட் என்ற கருவி அந்தப் பதிவுகளைப் படித்து, பாதிக்கு மேல் வேலை முடிந்த ஒரு போர்டு அடைவையே உருவாக்கித் தரும். அதைவிடப் புதிய தலைமுறையில் முயல விரும்பினால், முதலில் இன்டெல்மீடூல் ஓட்டிப் பூட் கார்டு நிலையைப் பாருங்கள். ஃபியூஸ் எரிந்திருந்தால் அன்றைக்கே வேறு மாடல் தேடுங்கள்.

லேப்டாப்பை டெஸ்க்டாப்பிலிருந்து பிரிப்பது எம்பெடட் கன்ட்ரோலர். கீபோர்டு, விசிறி, பேட்டரி சார்ஜ், மூடி திறந்ததா என்ற உணர்வு எல்லாம் இந்தக் குட்டிச் சிப்பின் கையில். அதற்கும் தனி நிரல், அதுவும் மூடியது. கோர்பூட் அதை மாற்றுவதில்லை, அதனுடன் பேச மட்டும் செய்கிறது. உங்கள் போர்டில் கடைசி வரை தொல்லை தரப்போவது இதுதான்: பேட்டரி சதவீதம் தெரியாது, வெளிச்சத்தைக் கூட்டும் பட்டன் வேலை செய்யாது, விசிறி எப்போதும் முழு வேகத்தில் ஓடும். பழைய பயோஸின் ஏசிபிஐ அட்டவணையை உடைத்துப் பார்த்து எந்தப் பைட்டில் என்ன இருக்கிறது என்று புரிந்துகொண்டு, உங்கள் சொந்த வரிகளில் எழுத வேண்டும். அப்படியே நகலெடுத்து ஒட்டக் கூடாது, அது நிறுவனத்தின் பதிப்புரிமை. கன்ட்ரோலர் நிரலையே திறந்து வெளியிட்டவர்களும் உண்டு: குரோம்புக்குகளுக்கு கூகுள், தங்கள் சில லேப்டாப்புகளுக்கு சிஸ்டம்76. எழுதும் முன் அந்த நிரல்களைப் படியுங்கள். ஒரு கன்ட்ரோலர் நாள் முழுக்க என்ன செய்கிறது என்று இவ்வளவு தெளிவாக வேறு எங்கும் கிடைக்காது.

போர்டு எழுந்து, இரண்டு வகை ரேம் ஸ்டிக்கில் மெம்டெஸ்ட் தேறி, ஐம்பது முறை தூங்கி எழுந்தபின் கோர்பூட்டின் கெரிட் தளத்தில் மறுபார்வைக்கு அனுப்புங்கள். வாரக்கணக்கில் திருத்தச் சொல்வார்கள், பொறுமையாகச் செய்யுங்கள். உள்ளே சேர்ந்ததும் வேலை முடிந்துவிடாது. 2019-ல் 4.11 பதிப்புக்குப் பின் பல போர்டுகளைக் கோர்பூட் கைவிட்டது. அவற்றில் ஆசுஸ் கேஜிபிஇ-டி16-உம் ஒன்று, கட்டற்ற ஃபர்ம்வேரில் ஓடிய மிக வலிமையான எக்ஸ்86 போர்டுகளில் ஒன்றாக அது இருந்தது. கோர்பூட்டின் உள்கட்டமைப்பு மாறியபோது அந்த மாற்றங்களை அந்தப் போர்டில் செய்து, சோதித்துச் சொல்ல நேரத்தில் ஆள் வரவில்லை. அதனால் உங்கள் மாடல் ஒன்றை மேசையிலேயே வைத்திருங்கள். ஒவ்வொரு புதிய பதிப்பின் போதும் அதை ஏற்றிப் பார்த்து, எழுகிறதா, தூங்கி எழுகிறதா, இரண்டு ரேம் துளையும் தெரிகிறதா என்று பார்த்துப் பதிவை அனுப்புங்கள்.